மேற்சபையில் அமர்வோர் யார்?

சட்டம் இயற்றும் மன்றம் ஒன்றாக இருத்தல் போதுமா, இரண்டாக இருத்தல் வேண்டுமா என்னும் வினா அரசியல் அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினாவாகும். ஒரு மன்றமே போதும் என்போர், மக்கள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் விரும்பிய சட்டத்தைத் தடுத்து நிறுத்த மற்றொரு மன்றத்துக்கு என்ன உரிமை உண்டு என்று கேட்பர். இரண்டு வேண்டும் என்போர், ஆட்சியிலிருக்கும் கட்சி பெரும்பான்மைப் பலத்தை நம்பி ஆராயாமல் நிறைவேற்றும் சட்டங்களை மறுமுறை பார்த்துத் திருத்துவார் வேண்டுமன்றோ என்பர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், இவ்விரு கூற்றையும் எடைபோடுமுன் விடை காணவேண்டிய வேறொரு வினா உளது. அந்த மேற்சபையில் அமர்வோர் யார்? அவரை அங்கே அமர்த்துவோர் யார்? எத்தனை ஆண்டுக்கு? இவற்றுக்குரிய விடையைப் பொறுத்தே, மேற்சபை ஒரு நாட்டுக்குக் காவலாவதும் சுமையாவதும் அமைகின்றன.

இதனை விளக்குதற்கு அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்சபையைப்போல ஏற்ற எடுத்துக்காட்டு வேறொன்றைக் காண்டல் அரிது. அதன் அங்கத்தவர் நியமனம், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல முறைகளைக் கண்டுவிட்டது. உத்தியோகத்தர் மட்டுமே அமர்ந்த காலம் உண்டு; நிலவுடைமையாளர் வாக்களித்த காலம் உண்டு; ஆயுட்கால நியமனம் இருந்த காலம் உண்டு; பாராளுமன்ற அங்கத்தவரே தெரிந்தெடுத்த காலம் உண்டு; இன்று மாநிலத்து வாக்காளர் அனைவரும் நேரே தெரிந்தெடுக்கின்றனர்.

அவுஸ்திரேலியா 1901 ஆம் ஆண்டில் ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடி அமைத்த கூட்டாட்சி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி அரசியலமைப்பும் பாராளுமன்றமும் உண்டு. குவீன்ஸ்லாந்து தன் மேற்சபையை 1922 ஆம் ஆண்டில் ஒழித்துவிட்டது. மற்றை ஐந்து மாநிலங்களிலும் இரு சபைகள் இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸ் அவற்றுள் முதலிற் குடியேற்றப்பட்டது. சிட்னி நகரத்து மக்குவாரி வீதியில், பழைய வைத்தியசாலைக் கட்டடம் ஒன்றைச் சார்ந்து அதன் பாராளுமன்றம் நிற்கிறது. மேற்சபை கூடும் மண்டபம், முன்கூட்டியே வார்த்துச் செய்து கப்பலில் ஏற்றிவந்த இரும்புக் கட்டடமாகும். பொன் விளைந்த விக்டோரியாவுக்கென அனுப்பப்பட்ட அக்கட்டடத்தை மெல்பேணிலிருந்து விலைக்கு வாங்கிக் கொணர்ந்து, 1856 ஆம் ஆண்டிற் கூடவிருந்த புதிய சபைக்கு அவசர அவசரமாக நிறுத்தினர்.

அச்சபையின் தொடக்கம் அதற்கும் முந்தியது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1823 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, தேசாதிபதிக்கு ஆலோசனை கூறுதற்கென ஒரு சபை அமைக்கப்பட்டு, 1824 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 ஆம் நாள் முதன்முறை கூடிற்று. அங்கத்தவர் ஐவரே. பிரதித் தேசாதிபதி, பிரதம நீதியரசர், குடியேற்ற நாட்டுச் செயலாளர், தலைமை வைத்தியர், நில அளவை அதிபதி என்போரே அவ்வைவர். அனைவரும் அரசாங்க உத்தியோகத்தர். சட்டத்தை முன்மொழியும் உரிமை தேசாதிபதி ஒருவருக்கே இருந்தது. 1842 ஆம் ஆண்டுச் சட்டம் சபையை 36 பேராகப் பெருக்கி, அவருள் 24 பேரைத் தேர்தலால் வருவோராக்கிற்று. ஆயினும் வாக்குரிமை சொத்துடையோர்க்கே கிடைத்தது. தேர்தல் அடுத்த ஆண்டு நடந்தது.

பின்னர், குடியேற்ற நாட்டுக்குப் பொறுப்பாட்சி வழங்கும் காலம் வந்தபோது, மேற்சபையில் யாரை அமர்த்துவது என்னும் வாதம் எழுந்தது. வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வேர்த் என்னும் பெரும் நிலவுடைமையாளர், இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையைப்போன்று பரம்பரைப் பட்டம் பெற்ற பிரபுக்குலம் ஒன்றை அமைத்து, அவர்களிலிருந்து மேற்சபையை நிரப்பலாம் என 1853 ஆம் ஆண்டிற் கருத்துரைத்தார். இளைஞராகிய டானியல் டெனிகி என்பவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து, இவர்களைப் 'பன்யிப் பிரபுக்கள்' என்று எள்ளி நகையாடினார். பன்யிப் என்பது அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் கதைகளிற் சதுப்பு நிலங்களில் வாழ்வதாகச் சொல்லப்படும் பூதம். கூட்டத்தின் சிரிப்பிலே அந்தத் திட்டம் அழிந்தது. ஆட்டுமந்தையால் செல்வரானவர் ஓர் இரவிற் பிரபுவாதலை மக்கள் ஏற்கவில்லை.

எனவே 1856 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு சபைகளுடன் கூடிய பாராளுமன்றம் தொடங்கியபோது, மேற்சபை நியமனச் சபையாகவே அமைந்தது. முதல் அங்கத்தவர் ஐந்தாண்டுக்கும், அதன்பின் வருவோர் ஆயுட்காலத்துக்கும் தேசாதிபதியால் நியமிக்கப்படுவர் என்பது விதி. அங்கத்தவர் 21 பேருக்குக் குறைதல் ஆகாது என்று சட்டம் கூறிற்று. ஆனால், இத்தனை பேருக்கு மேற்படல் ஆகாது என்று கூறவில்லை. அந்த ஒரு சொல் இல்லாமையே பின்னர் எழுபது ஆண்டுக் குழப்பத்துக்கு வித்தாயிற்று. குளத்துக்குக் கட்டு எழுப்பியவன் வான் எங்கே என்று குறியாமல் விட்டதை அது ஒக்கும்.

அதன் விளைவு ஐந்தாண்டுக்குள் வெளிப்பட்டது. பெருநிலவுடைமையாளர் வசமிருந்த அரச நிலங்களில் ஏழைக் கமக்காரரும் தெரிந்தெடுத்துக் குடியேறுதற்கு வழி செய்யும் மசோதாக்களை ஜோன் ரொபேட்சன் கொணர்ந்தார். கீழ்ச்சபை நிறைவேற்றியதை மேற்சபை ஏற்கவில்லை. அங்கத்தவரின் ஐந்தாண்டுத் தவணை முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. முதல் அமைச்சர் சார்ல்ஸ் கூப்பர், புதிதாக 21 பேரை நியமிக்கும்படி தேசாதிபதிக்கு ஆலோசனை கூறினார். 1861 ஆம் ஆண்டு மே 10 ஆம் நாள், அப்புதியவர்கள் சத்தியப் பிரமாணம் செய்யக் காத்திருந்தனர். சபைத் தலைவர் சேர் வில்லியம் பேர்ட்டன் எழுந்து, தம் பதவியைத் துறப்பதாகக் கூறி வெளியேறினார். வேறு பல அங்கத்தவரும் அவரைப் பின்தொடர்ந்தனர். தலைவர் இல்லாத சபையிற் பிரமாணம் செய்விப்பார் இல்லை. புதியவர்கள் வந்த வழியே திரும்பினர். சபையும் தவணை முடிந்து கலைந்தது. பின்பு அமைந்த ஆயுட்காலச் சபை அவ்வாண்டிலேயே நிலச் சட்டங்களை நிறைவேற்றிற்று.

இந்நிகழ்ச்சியில் எத்தரப்பார் செய்தது சரி என்று தீர்ப்பளித்தல் எளிதன்று. நிலமற்ற மக்களின் கோரிக்கையைச் செல்வர் சபை தடுத்தது என்பது உண்மை. அதே வேளையில், ஓர் அரசாங்கம் தனக்கு வேண்டியவரை வேண்டிய தொகையிற் சபைக்குள் புகுத்தலாமாயின், அச்சபை ஆராய்ந்து கூறும் தீர்ப்புக்குப் பொருளே இராது என்பதும் உண்மை. நியமன முறையின் குறை இருபுறமும் வெட்டும் வாளாக அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டில், தொழிற்கட்சித் தலைவரான ஜோன் தோமஸ் லாங், மேற்சபையை ஒழித்தே தீர்வது என்று உறுதி பூண்டார். ஒழிப்பதற்கு மேற்சபையின் சம்மதமும் வேண்டும். ஆதலால், ஒழிக்க வாக்களிப்போரையே அங்கத்தவராக்க வேண்டும். 1925 ஆம் ஆண்டின் முடிவில் 25 பேர் புதிதாக நியமனம் பெற்றனர். ஆனால் 1926 ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு வந்தபோது, நியமனம் பெற்ற கட்சியினருட் சிலரே எதிர்த்தும் வாராதிருந்தும் மசோதாவைத் தோற்கடித்தனர். ஆயுட்காலப் பதவியிற் கால் வைத்தவர்க்கு, அதனைத் தாமே ஒழிக்க மனம் எளிதில் வருவதன்று.

லாங் பதவியிழந்தபின் வந்த பவின் அரசாங்கம், 1929 ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் ஒரு பிரிவைச் சேர்த்தது. மேற்சபையை ஒழிக்கும் மசோதா, இரு சபையும் நிறைவேற்றிய பின்னரும், சர்வசன வாக்கெடுப்பில் மக்களின் இசைவைப் பெற்றாலன்றித் தேசாதிபதியின் அங்கீகாரத்துக்கு அனுப்பப்படல் ஆகாது என்பது அப்பிரிவு. அப்பிரிவை நீக்குதற்கும் அதே வாக்கெடுப்பு வேண்டும் எனவும் அதிற் கூறப்பட்டது. வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, அப்பூட்டுக்கும் மற்றொரு பூட்டுப் போட்டது போன்ற ஏற்பாடு இது.

லாங் 1930 ஆம் ஆண்டில் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். பூட்டை நீக்கும் மசோதாவும் சபையை ஒழிக்கும் மசோதாவும் இரு சபைகளிலும் நிறைவேறின. மக்களின் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. மேற்சபை அங்கத்தவரான திரெதோவன் முதலியோர், அம்மசோதாக்களை அங்கீகாரத்துக்கு அனுப்பாமல் தடுக்கும்படி நீதிமன்றத்தை நாடினர். எழுந்த வினா மிக நுண்ணியது: இன்றைய பாராளுமன்றம், நாளைய பாராளுமன்றத்தின் கையைக் கட்டலாமா? சட்டம் இயற்றும் அதிகாரம் உடைய மன்றம், எவ்வகையில், எம்முறையிற் சட்டம் இயற்றல் வேண்டும் என முன்னர் விதித்திருந்தால், அவ்வழியே செல்லல் வேண்டும் என்று மாநில நீதிமன்றம் கூறிற்று. 1931 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் அதனை உறுதி செய்தது. 1932 ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகமும் அவ்வாறே தீர்த்தது. அத்தீர்ப்பு வெளிவருமுன்பே, பணப் பொறுப்புக்கள் பற்றிய வேறொரு பிணக்கில், தேசாதிபதி சேர் பிலிப் கேம் 1932 ஆம் ஆண்டு மே 13 ஆம் நாள் லாங்கைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார்.

தொலைவிலுள்ள சிட்னியின் வழக்கு இலங்கைக்கு யாது தொடர்புடையது என்று நேயர்கள் கருதலாம். தொடர்பு உண்டு. 1964 ஆம் ஆண்டில் இலஞ்ச ஆணையாளர் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று இலங்கையிலிருந்து கோமறைக் கழகத்துக்குச் சென்றது. அரசியலமைப்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்கையும் சபாநாயகரின் சான்றையும் வேண்டியிருக்க, அவையின்றிச் சாதாரண முறையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இலஞ்ச விசாரணைச் சபைக்கு அங்கத்தவர் நியமிக்கப்பட்டமை செல்லுமா என்பது அவ்வழக்கின் வினா. கோமறைக் கழகத்து நீதிபதிகள் திரெதோவன் வழக்கையும் எடுத்து ஆராய்ந்து, அரசியலமைப்பு விதித்த வழியே பாராளுமன்றம் நடத்தல் வேண்டும், அந்நியமனம் செல்லாது என்று முடிவு கூறினர். ஒரு மாநிலத்து மேற்சபையின் உயிரைக் காத்த வாதம், கடல் கடந்து இன்னொரு நாட்டில் நீதியின் முறைமையைக் காத்தற்கும் உதவிற்று.

மேற்சபை பிழைத்தது, ஆனால் பழைய உருவிற் பிழைக்கவில்லை. 1933 ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த சர்வசன வாக்கெடுப்பிற் சிறு பெரும்பான்மையால் ஏற்கப்பட்ட திட்டத்தின்படி, அங்கத்தவர் தொகை 60 என வரையறுக்கப்பட்டது. இரு சபை அங்கத்தவரும் வாக்களித்து அவரைத் தெரிந்தெடுப்பர். பதவிக்காலம் பன்னிரண்டு ஆண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 பேர் விலக, 15 பேர் புதிதாக வருவர். இதனால் அங்கத்தவரைத் திடீரெனப் பெருக்கும் வழி அடைபட்டது. எனினும் மக்களின் கை அச்சபையைத் தொடவில்லை. கட்சிகள் தத்தம் ஊழியர்க்கு அளிக்கும் பரிசாக அப்பதவி மாறிவிட்டது என்னும் குறைகூறல் எழுந்தது.

1947 ஆம் ஆண்டில் இலங்கையில் அமைந்த மூதவையையும் இங்கே ஒப்புநோக்கலாம். அதன் 30 அங்கத்தவருட் பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தெடுத்தது. பதினைவரை மகாதேசாதிபதி நியமித்தார். நியமனமும் மறைமுகத் தேர்தலும் சமபங்காகக் கலந்த அமைப்பு அது. 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் அது ஒழிக்கப்பட்டது. அதனைக் காக்கப் பொதுமக்கள் திரண்டெழவில்லை. தாம் வாக்களித்து அமர்த்தாத சபை நீங்குதலை, மக்கள் தமக்கு நேர்ந்த இழப்பாக எண்ணவில்லை போலும்.

நியூ சவுத் வேல்ஸ் மக்களோ வேறு வழி சென்றனர். மேற்சபையை ஒழிக்கலாமா என்று 1961 ஆம் ஆண்டு ஏப்பிரல் 29 ஆம் நாள் அவரை நேரே கேட்டபோது, வேண்டாம் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தனர். ஆயினும் அதனை உள்ளபடியே விட்டுவிடவும் அவர் விரும்பவில்லை. 1978 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள், முதல் அமைச்சர் நெவில் ரான் காலத்தில் நடந்த வாக்கெடுப்பில், நூற்றுக்கு எண்பதின் மேற்பட்டோர் நேர்முகத் தேர்தலை ஆதரித்தனர். அங்கத்தவர் 45 பேர் ஆயினர். 1978, 1981, 1984 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு பகுதியாகப் பழையவர் நீங்கி, மக்கள் தெரிந்தோர் இடம் பெற்றனர். 1991 ஆம் ஆண்டு நடந்த மற்றொரு வாக்கெடுப்பால் தொகை 42 ஆகக் குறைந்தது.

இன்றைய முறையை விளங்கிக்கொள்வது எளிது. கீழ்ச்சபையில் 93 தொகுதிகளுக்கு ஒவ்வொருவர் அங்கத்தவர். மேற்சபைக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 21 பேர் தெரியப்படுவர். ஒவ்வொருவரும் எட்டாண்டு இருப்பர். ஆகையால் எந்தத் தேர்தலிலும் சபையின் பாதியே மாறும். அளிக்கப்பட்ட வாக்குத் தொகையை 22 ஆல் வகுத்து, ஒன்று கூட்டினால் ஒருவர் வெற்றி பெற வேண்டிய பங்கு கிடைக்கும். உதாரணமாக 44 இலட்சம் வாக்குக்கள் எண்ணப்படுமாயின், 2 இலட்சத்து ஒரு வாக்குப் பெற்றவர் அங்கத்தவராவர். அஃதாவது, நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைந்த ஆதரவு போதும். எந்தத் தொகுதியிலும் முதலிடம் பெறமுடியாத சிறு கட்சியும், மாநிலம் எங்கும் சிதறியிருக்கும் தன் ஆதரவாளரை ஒன்றுதிரட்டி ஓர் ஆசனம் பெறலாம். அதனாலேயே அரசாங்கக் கட்சிக்கு மேற்சபையிற் பெரும்பான்மை கிடைப்பது அரிதாகிவிட்டது.

இம்முறையிலும் வஞ்சனை புகாமல் இல்லை. முன்னர், ஒரு கட்சிக்கு வாக்களித்தவரின் அடுத்த விருப்பங்களைக் கட்சியே தீர்மானிக்கும் வழக்கம் இருந்தது. இதனைக் கண்ட சிலர், பெயரளவிற் பல கட்சிகளைத் தோற்றுவித்து, ஒன்றுக்கொன்று வாக்கை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தனர். 1999 ஆம் ஆண்டுத் தேர்தலில் 264 பேர் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டு ஒரு மீற்றர் அகலமும் எழுபது சதமமீற்றர் உயரமும் உடையதாயிற்று. மக்கள் அதனை 'மேசைவிரிப்பு' என்றே அழைத்தனர். ஆயிரத்துக்கு இரண்டு என்னும் அளவில் முதல் வாக்குப் பெற்ற ஒருவரும் அங்கத்தவரானார். அதன்பின் சட்டம் திருத்தப்பட்டது. இப்பொழுது அடுத்த விருப்பம் யாருக்கு என்பதை வாக்காளர் தாமே குறித்தல் வேண்டும். குறிக்கப்படாத விருப்பத்தைக் கட்சி தீர்மானிக்க இயலாது.

அங்கத்தவர் எத்தகையோர் என்பதும் காலத்தோடு மாறியது. 1948 ஆம் ஆண்டு வரை அவருக்கு ஊதியம் இல்லை. ஆகவே வசதியுடையோரே பெரும்பாலும் அமரக்கூடியதாயிருந்தது. பெண்கள் முதன்முதல் இடம் பெற்றது 1931 ஆம் ஆண்டில்; கதரின் கிறீன், எலன் வெப்ஸ்டர் ஆகிய இருவரும் அப்போது நியமனம் பெற்றனர். 1988 ஆம் ஆண்டிற் சேர்ந்த ஹெலன் ஷாம்-ஹோ அம்மையார், அவுஸ்திரேலியப் பாராளுமன்றங்களுள் ஒன்றில் அமர்ந்த முதற் சீனப் பிறப்பினர். அமைச்சர்கள் மேற்சபையிலிருந்தும் வரலாம். ஆயினும் முதல் அமைச்சர் கீழ்ச்சபையில் இருத்தலே மரபு. 1986 ஆம் ஆண்டில் மேற்சபை அங்கத்தவரான பரி அன்ஸ்வேர்த் முதல் அமைச்சரானபோது, சில வாரங்களில் இடைத்தேர்தலில் நின்று கீழ்ச்சபைக்கு மாறினார். இடையில் ஓர் ஆசனம் வெறுமையானால் மறுதேர்தல் இல்லை. இரு சபையும் ஒன்றாகக் கூடி, விலகியவரின் கட்சியைச் சேர்ந்த ஒருவரை அமர்த்தும்.

மக்கள் அமர்த்திய சபைக்குத் துணிவும் பிறந்தது. 1996 ஆம் ஆண்டில், அரசாங்கப் பத்திரங்களைச் சபையில் வைக்கும்படி மேற்சபை கட்டளையிட்டது. அச்சபையின் அங்கத்தவரும் திறைசேரி அமைச்சருமான மைக்கல் ஈகன் மறுத்தார். சபை அவரை இடைநிறுத்தி வெளியேற்றிற்று. அவர் வழக்காடினார். 1998 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், அரசாங்கத்தின் செயலை ஆராய்தற்கு வேண்டிய பத்திரங்களைக் கேட்கும் அதிகாரம் சபைக்கு உண்டு என்று தீர்த்தது. அதே வேளையில் அச்சபையின் அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. ஆண்டுச் செலவுக்குரிய பண மசோதாவை அது ஒரு மாதத்துக்கு மேல் தடுக்க முடியாது. வேறு மசோதாக்களில் இரு சபையும் இணங்காவிடின், இறுதியில் மக்களின் வாக்கெடுப்பே முடிவு செய்யும். கட்டு உறுதியாய் இருக்க, மிகுந்த நீர் வழிந்தோட வானும் இன்று இருக்கிறது.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, ஓர் உண்மை புலனாகும். செல்வரைக் கொண்டு நிரப்பியபோது மேற்சபை ஏழையின் நிலத்தைத் தடுத்தது. அரசாங்கம் விரும்பியபோதெல்லாம் நிரப்பிய காலத்தில் அதற்குத் தன்மானம் இல்லை. கட்சிகள் நிரப்பிய காலத்தில் மக்களுக்கு அதில் அக்கறை குறைந்தது. மக்களே நிரப்பத் தொடங்கிய பின்னரே, அமைச்சரை நோக்கி வினா எழுப்பும் உரிமையும் தகுதியும் அதற்கு ஒருங்கே வாய்த்தன. இருபுறமும் சரியும் தவறும் கலந்த பல பிணக்குக்களிலிருந்து, ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விதியைக் கற்று எழுதி வைத்ததன் பயன் அது. இரண்டாம் மன்றம் ஒன்று வேண்டுமா என்று எந்த நாட்டில் வாதம் எழுந்தாலும், அதன் பெயரையும் மண்டபத்தையும் பற்றிப் பேசுமுன், அதில் அமரப்போவோர் யார், அவர் யாருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதை முதலிற் கேட்டறிதல் குடிமக்களின் கடனாகும்.